வெள்ளிக்கிழமை முட்டைகள்

எங்கள் வீட்டு வளவில் கிணறு இல்லை. ஒன்றரைப் பரப்பு நிலம், ஓரடி தோண்டினால் கல். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து தண்ணீர் பக்கத்து வளவு மாமியின் கிணற்றில்தான். இரண்டு வளவுக்கும் நடுவிலிருந்த வேலியில், ஓர் ஆள் வாளியோடு நுழைந்து போகுமளவுக்கு ஓர் இடைவெளி இருந்தது. அதைப் பொட்டு என்போம். பொட்டு திறந்திருந்தால் இரண்டு வீடும் ஒற்றுமை என்று அர்த்தம். ஒருவர் அதை அடைத்துவிட்டால் ஊர் வேறெதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை.

மாமி எங்களுக்குச் சொந்தமில்லை. கணவர் இறந்துபோனார், மகள் கொழும்பில், ஓர் ஆட்டுக்குட்டியோடு தனியாக இருப்பவர். அம்மாவின் வலது முழங்கால் பழுதாகிப் போனபிறகு, அம்மா வரும் நேரம் பார்த்து வாளியை நிரப்பிக் கிணற்றுக் கட்டில் வைத்திருப்பார். அம்மா போய்ப் பத்து நிமிடம் இருந்து கதைத்துவிட்டு வருவார். அம்மாவுக்கு இந்த ஊரில் இருந்த ஒரே சிநேகிதம் அதுதான். அதை நான் ஏறக்குறைய அழித்த கதையை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காகப் படித்து முடித்த முதல் ஆள் நான். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். நீர்வேலிப் பக்கத்து வாழைத் தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர். நான் விவசாயம் படித்துச் சான்றிதழோடு வீடு திரும்பியபோது, அப்பா அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார். கண்ணாடி வெட்டுகிறவரிடம், "கவனம் அண்ணை, ஒரு கீறலும் விழக்கூடாது" என்று மூன்று தரம் சொன்னாராம். எனக்கும் அந்தச் சான்றிதழைப் பார்க்கும்போது கழுத்து கொஞ்சம் நிமிரும். மறைக்க ஒன்றுமில்லை.

வேலை கிடைக்கும் வரைக்கும் கோழி வளர்ப்பது என்று முடிவெடுத்தேன். பதினாலு ஊர்க்கோழிப் பேடுகள், ஒரு சேவல். கடைத் தீனி இல்லை, மருந்து ஊசி இல்லை. தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் பிசைந்து, முருங்கையிலையை அரிந்து கலந்து வைப்பேன். அப்பா கொண்டுவரும் வாழைத்தண்டைச் சின்னச் சின்னதாக வெட்டிப் போடுவேன். பழைய பானைக்குள் காய்ந்த சாணியையும் பனையோலைத் துண்டுகளையும் நனைத்துக் கவிழ்த்து வைத்தால் இரண்டாம் நாள் கறையான் ஏறியிருக்கும்; பானையைத் தட்டியதும் கோழிகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடிவரும். பேனுக்குச் சாம்பல் குழி. சளி பிடித்தால் உள்ளிப்பூண்டும் மஞ்சளும் சின்ன வெங்காயமும் அரைத்து உருட்டி வாயில் வைப்பது. கூட்டுக்குள் உமி பரப்பி, முட்டையிடுவதற்கு வைக்கோல் போட்ட ஆறு பெட்டிகளைத் தகரக் கூரைக்குக் கீழே கிழக்குப் பார்க்க வரிசையாக அடித்து வைத்தேன். காலை வெளிச்சத்தில் ஒவ்வொரு முட்டையும் பளிச்சென்று தெரியவேண்டும் என்பது என் திட்டம். பகலில் கோழிகளைத் திறந்து விட்டுவிடுவேன். கிளறித் தின்னாத கோழி கோழியே அல்ல என்பது என் கொள்கை.

மாமி ஒருநாள் பொட்டில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "கோழிக்கு என்னத்துக்கடி பிள்ளை மாடி வீடு?"

"அது முட்டைப் பெட்டி மாமி. சுத்தமாய் இருக்கும்."

"எங்கடை கோழியள் அந்தக் காலத்திலை தங்கடை பாட்டுக்கு இட்டுதுகள். அதுகள் படிக்கேல்லை, பாவம்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை மனதில் ஓரிடத்தில் எடுத்து வைத்தேன்.

முதல் மாதம் நாளுக்கு எட்டு, ஒன்பது முட்டை வந்தது. குசினிச் சுவரில் தொங்கிய கலண்டரில் ஒவ்வொரு நாள் கட்டத்துக்குள்ளும் பென்சிலால் எண்ணிக்கையைக் குறித்து வந்தேன். இரண்டாம் மாதம் ஆறு என்றானது. பிறகு நாலு. ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று. கோழிகளுக்கு நோயில்லை. கொண்டை சிவப்பாக இருந்தது, எச்சம் ஒழுங்காக இருந்தது. காலையில் பிடித்துப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் ஏழெட்டுப் பேட்டுக்கு உள்ளே முட்டை இருப்பது விரலில் தெரிந்தது. பின்னேரம் பார்த்தால் பெட்டியில் மூன்று. உள்ளே இருந்தது வெளியே வந்திருக்கிறது, ஆனால் எனக்கு வரவில்லை.

கீரி என்றால் முட்டைக்கோது கிடக்கும். காகமென்றால் சத்தம் கேட்கும். நான் பெட்டிகளைச் சுற்றிச் சாம்பல் தூவி வைத்துப் பார்த்தேன். கோழிக் காலைத் தவிர வேறு தடம் இல்லை. அப்படியானால் மனிதர்தான் என்று எனக்குத் தோன்றியது. சாம்பலை மிதிக்காமல் எட்டி எடுக்கத் தெரிந்த மனிதர்.

எங்கள் வளவுக்குள் கேட்காமல் வந்துபோகக்கூடியவர் ஒருவர்தான்.

பிறகு நான் பார்த்ததெல்லாம் அந்தப் பக்கமாகவே கைகாட்டின. மாமியின் குப்பைக் குழியில் முட்டைக்கோது கிடந்தது. மாமி கோழி வளர்ப்பதில்லை. கடையில் வாங்கினேன் என்று சொல்லலாம்; ஆனால் கோது வெள்ளையா மண்ணிறமா என்று குனிந்து பார்த்தால் எங்கள் கோழியினதைப் போலத்தான் இருந்தது. அவர் அம்மாவிடம், "உன்ரை மேள் இண்டைக்கு எத்தினை முட்டை எடுத்தவள்?" என்று விசாரித்தார். ஏன் விசாரிக்கிறார்? நான் கூட்டருகே போகும்போதெல்லாம் கிணற்றடியில் நின்று இந்தப் பக்கம் பார்த்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் ஆட்டுக்குட்டியைப் பார்த்தார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சியைக் கலண்டர் தந்தது. ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்டுபிடித்தேன். மற்ற நாட்களில் நாலு, மூன்று, நாலு. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஏழு, எட்டு, ஏழு. ஐந்து வெள்ளிக்கிழமைகள் ஒரே மாதிரி. ஒரு கோழிக்கு வெள்ளிக்கிழமை என்று தெரியாது. தெரிந்தவர் மாமி. மாமி வெள்ளிக்கிழமை விரதம். விடிய எழும்பி முழுகி, முற்றம் முழுக்கச் சாணித் தண்ணி தெளித்து, மச்சம் மாமிசம் என்ன, முட்டை கிடந்த சட்டியைக்கூடத் தொடமாட்டார். கோழியும் நாயும் வந்து தெளித்த முற்றத்தைக் கிளறக்கூடாது என்று பொட்டுக்குக் குறுக்கே பழைய தகரம் ஒன்றைச் சாத்தி வைத்து, மத்தியானம் பூசை முடிந்து சாப்பிட்டபிறகுதான் எடுப்பார். அவ்வளவு ஆசாரம்.

களவெடுக்கிறவருக்கும் ஆசாரம் இருக்கிறது என்று நினைத்தேன். முட்டையைத் தொடாத நாளில் திருடவும் மாட்டார். இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வந்தது கவலை அல்ல, மகிழ்ச்சி. உண்மையைச் சொன்னால், அதில் ஒரு சுகமே இருந்தது. சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒருவரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தவளுக்கு, அந்த ஒருவர் கள்ளி என்று தெரியவருவது பாரம் இறங்கியது போல இருந்தது.

அம்மாவிடம் கலண்டரைக் காட்டினேன்.

"உதிலை என்ன கிடக்கு?" என்றார் அம்மா.

"வெள்ளிக்கிழமையைப் பாரணை. அண்டைக்கு மட்டும் எல்லா முட்டையும் கிடக்கு."

"நல்லது தானே. கோயில் அம்மாள் தாறா."

"அம்மாள் தரேல்லை. அண்டைக்கு மாமி எடுக்கேல்லை."

அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. பயந்தது போலவும் இருந்தது, என்னைத் தெரியாதவர் போலவும் இருந்தது. "வாயைக் கழுவு" என்று மட்டும் சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு பொட்டால் போனார்.

எங்கள் பக்கத்தில் இப்படியான விஷயத்தை நேரே போய்க் கேட்பதில்லை. சாடையாகக் கதைப்போம். கேட்கவேண்டியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும் நேரம் பார்த்து, வேறு எதையோ பார்த்துக் கதைப்பது. அடுத்த நாள் மாமி கிணற்றடியில் சட்டி தேய்க்கும் சத்தம் கேட்டது. நான் சிவப்புப் பேட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வேலியோரம் இருந்தேன்.

"எடியே, நீ கஷ்டப்பட்டு இடுறாய், ஆரோ சுகமாய்ப் பொரிச்சுத் தின்னினம். உனக்கு வாய் இருந்தால் ஆர் எண்டு சொல்லுவாய், என்னடி?"

சட்டி தேய்க்கும் சத்தம் நின்றது.  பிறகு மாமியின் குரல் ஆட்டுக்குட்டியோடு கதைத்தது.

"குடி குட்டி, வடிவாய்க் குடி. எங்கடை கிணத்துத் தண்ணியைக் குடிச்சுக்கொண்டு எங்களையே கள்ளர் எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம். நீ குடி. நீ நாலு காலாய் இருந்தாலும் நன்றி உள்ளனி."

எனக்கு முகம் சுட்டது. தண்ணீரைச் சொல்லிக் காட்டிவிட்டார். நான் எதிர்பார்த்துப் பயந்த ஒரே வார்த்தை அதுதான்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை என் கறுத்தப் பேடு காணாமல் போனது. கூட்டத்தில் பெரியது, சாந்தமானது, நான் கையில் தவிடு வைத்தால் கொத்தாமல் தின்னும் ஒன்று. சில நாட்களாக இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொக் கொக் என்று தனியே திரிந்தது. வளவு முழுக்கத் தேடினேன், வெளியே ஒழுங்கை வழியெல்லாம் தேடினேன். கிணற்றின் பின்பக்கம், தண்ணீர் ஓடி வழியும் இடத்தில் இரண்டு கறுத்த இறகு கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமியின் குசினியிலிருந்து கோழிக்கறி வாசம் வந்தது. சரக்குத்தூள் வறுத்துப் போட்ட, நல்ல முற்றின கோழியின் வாசம். தனியாக இருக்கிற மனிசி ஒரு முழுக் கோழி வாங்குவாவா?

நான் அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை. அப்பாவிடம், "பொட்டை அடையுங்கோ" என்றேன்.

அப்பா வாழைச் சாறு படிந்த கையை உரசிக்கொண்டிருந்தார். "ஏன், ஆரோடை சண்டை?"

"சண்டை இல்லை. நாய் வருது."

"எந்த நாய்?"

 அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தார்.

"இத்தினை வருசமாய் நான் உதாலை போய்த்தான் குளிக்கிறனான்" என்றார் அப்பா. "இனி எதாலை போறது, பிளேனிலையோ?"

ஆனாலும் அடைத்தார். படித்த மகள் சொன்னால் அவர் மறுப்பதில்லை. அதுதான் அவருடைய பெருமை, அதுதான் என் பலம். திங்கட்கிழமை காலை நாலு பூவரசங் கதிகால் நட்டு, குறுக்கு வரிச்சுக் கட்டி, பின்னிய தென்னோலைக் கிடுகை இரண்டு அடுக்காக வைத்து இறுக்கினார். மாமி கிணற்றுக் கட்டில் இருந்து கடைசிக் கட்டு விழும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.  கட்டில் நிரப்பி வைத்திருந்த வாளியைத் தூக்கி வாழையடியில் ஊற்றிவிட்டு உள்ளே போனார்.

அன்றைக்கு முட்டை ஆறு. அடுத்த நாள் எட்டு. அதற்கடுத்த நாளும் எட்டு.

இதைவிட என்ன வேண்டும்? ஒன்றை மட்டும் மாற்றிப் பார், விளைவு மாறுகிறதா என்று பார். எனக்குப் படிப்பித்தது அதைத்தான். நான் பொட்டை மட்டும் மாற்றினேன். முட்டை திரும்பி வந்தது. அம்மாவின் முன்னால் எட்டு முட்டையையும் சுளகில் வரிசையாக அடுக்கி வைத்தேன்.

அம்மா அதைப் பார்த்துவிட்டு, "முட்டை வந்திட்டுது. தண்ணி?" என்றார்.

தண்ணீர் சந்தியில், கோயிலடிப் பைப்பில். காலையில் சைக்கிளில் இரண்டு கான் தண்ணீர் கட்டிக்கொண்டு வருவேன். சமையலுக்கும் கோழிகளுக்கும் பத்து மணிக்குள் அது முடிந்துவிடும். பிறகு அம்மா என்னிடம் கேட்கமாட்டார். வாளியை எடுத்துக்கொண்டு தானே நடப்பார். ஒழுங்கையால் சுற்றி மாமியின் வாசல் படலையைத் திறந்துகொண்டு போயிருக்கலாம். மாமி தண்ணீர் இல்லை என்று சொல்லியிருக்கமாட்டார். ஆனால் பொட்டை அடைத்த வீட்டார் படலையால் போய் வாளியை நீட்டுவதில்லை. அம்மாவுக்கு அது தெரியும், மாமிக்கும் தெரியும். சந்திக்குப் போகிறவர் மாமியின் படலையைத் தாண்டித்தான் போகவேண்டும். தாண்டும்போது அம்மா மறுபக்கம் பார்த்துக்கொண்டு நடப்பதை நான் சைக்கிளில் வரும்போது கண்டிருக்கிறேன். நிரம்பிய வாளியோடு திரும்பும்போது வலது காலை இழுத்து இழுத்து வைப்பார்.

இரண்டாவது வாரம் முழங்கால் வீங்கியது. இரவு உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். 

"நீ அவவைக் கேட்டனியோ?" என்றார் அம்மா திடீரென்று.

"என்னெண்டு?"

"எடுத்தனியளோ எண்டு."

"எடுத்தவ ஓம் எண்டு சொல்லுவாவோணை?"

"எடுக்காதவ என்ன சொல்லுவா எண்டு உனக்குத் தெரியுமோ?"

நான் ஒத்தடத் துணியை மறுபடி சட்டியில் சூடாக்கினேன்.  எட்டு முட்டை என்னுடைய பக்கம் இருந்தது.

பொட்டு அடைத்துப் பதினேழாம் நாள், ஒரு வியாழக்கிழமை காலை. நான் கூட்டைக் கூட்டிக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கோழியின் சத்தம் கேட்டது. முட்டையிடும் கேறல் அல்ல. கொக், கொக், கொக் என்று நிலத்தோடு பேசும் சத்தம். குஞ்சுக்காரி மட்டும் போடும் சத்தம். மாமியிடம் கோழி இல்லை.

கிடுகின் நடுவே விரலை விட்டு விலக்கிப் பார்த்தேன். என் கறுத்தப் பேடு நின்றது. மெலிந்திருந்தது, நெஞ்சுப்பக்கம் இறகு உதிர்ந்திருந்தது. அதைச் சுற்றிப் பஞ்சு உருண்டைகள் போல ஒன்பது குஞ்சு. கொஞ்சம் தள்ளி மாமி குந்தியிருந்து அரிசிக் குறுணலை நனைத்து எறிந்துகொண்டிருந்தார்.

நான் வெட்கப்படவில்லை, முதலில். முதலில் எனக்கு வந்த நினைப்பு இதுதான்: ஒளித்து வைத்து அடைவைத்திருக்கிறார்.

பேடு என் மணத்தை அறிந்ததோ, பானை தட்டும் நேரமென்று வந்ததோ, நேரே வேலிக்கு வந்து பழைய பொட்டு இருந்த இடத்தில் நின்றது. தலையை விட்டுப் பார்த்தது. கிடுகு இறுக்கம். ஆனால் அடியில் நாலு விரல் இடைவெளி இருந்தது. ஒரு குஞ்சு அதற்குள்ளால் புகுந்து எங்கள் பக்கம் வந்தது. பின்னால் இன்னொன்று. இன்னொன்று. நாலு குஞ்சு எங்கள் வெறும் முற்றத்தில் நின்று கீச்சிட்டன. தாய் அந்தப் பக்கம் நின்று வேலியில் மோதியது.

காகங்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். முருங்கையிலிருந்து ஒன்று இறங்கி, நான் விளக்குமாற்றைத் தூக்குவதற்குள் ஒரு குஞ்சைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. இரண்டாவது காகம் கூரையில் வந்து இருந்தது.

"எடி, என்னடி பாத்துக்கொண்டு நிக்கிறாய்!" மாமி கத்தினார். பதினேழு நாளில் அவர் என்னிடம் நேரே சொன்ன முதல் சொல். "வெட்டடி வேலியை!"

அப்பாவின் கத்தி கூரைத் தாழ்வாரத்தில் செருகியிருந்தது. எடுத்து வரிச்சுக் கட்டை அறுத்தேன். அப்பாவின் கட்டு, லேசில் விடாது. அந்தப் பக்கத்தால் மாமி கிடுகைப் பிடித்து இழுத்தார். அம்மா நொண்டிக்கொண்டு ஓடிவந்து சேலைத் தலைப்பைக் குஞ்சுகளுக்கு மேலே விரித்துப் பிடித்தார். ஒரு கிடுகு கிழிந்து விழுந்ததும் பேடு இறகை விரித்துக்கொண்டு பாய்ந்து வந்தது. காகம் எழும்பிப் போனது. மூன்று குஞ்சும் செட்டைக்குள் நுழைந்தன.

எட்டுக் குஞ்சு மிச்சம். நாங்கள் மூன்று பேரும் கிழிந்த வேலியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம்.

"எங்கை கிடந்தது மாமி?" என்றேன். அந்தக் கேள்வியிலும் பொலிஸ்காரியின் குரல்தான் இருந்தது. எனக்கே கேட்டது.

"வா, காட்டிறன்" என்றார்.

மாமியின் வளவுக்குப் பின்னால், வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிக் கிடக்கிற வீடு ஒன்று இருக்கிறது. மதில் ஓரிடத்தில் விழுந்து கிடக்கிறது. கிணற்றடியால் போய், தண்ணீர் வழியும் வாழைப் பற்றைக்குள் புகுந்து, அந்த உடைவால் உள்ளே போனோம். கொய்யாவும் நாயுண்ணிச் செடியும் பற்றையாக மூடியிருந்தன. முழங்கால் உயரச் சருகு. இருட்டு, குளிர்ச்சி, நிலமெல்லாம் கறையான். பழைய ஓடுகள் அடுக்கியிருந்த இடத்துக்குப் பின்னால் சருகைக் குழித்துச் செய்த கூடு. அதற்குள் பொரித்த கோதுகள். பக்கத்தில் இன்னொரு கூடு, அதில் பத்துப் பன்னிரண்டு முட்டை, கூழாகி நாறிக்கொண்டு. அதற்கப்பால் இன்னொன்று, வெறும் கோது மட்டும், நசுங்கி, நக்கித் துடைத்தது போல. சருகு சரசரத்தது. ஓட்டுக் குவியலின் கீழிருந்து ஓர் உடும்பு வெளியே வந்து, எங்களைப் பார்த்து நாக்கை நீட்டிவிட்டு, வயிறு நிலத்தில் இழுபட மெதுவாகப் போனது.

"உவர்தான் உன்ரை கள்ளர்" என்றார் மாமி. "போய் உவரோடை சாடை கதை."

நான் சிரிக்கவேண்டும் என்று நினைத்தேன். குனிந்து நசுங்கிய கோது ஒன்றைப் பொறுக்கினேன்.

"கறுத்தவள் மத்தியானத்திலை ஒருக்கால் வந்து வாய்க்காலிலை தண்ணி குடிச்சிட்டு ஓடிப்போவாள். நீ பொட்டை அடைச்சாப் பிறகுதான் கண்டனான். அடைக்கிடக்கிறாள் எண்டு விளங்கிச்சுது. அண்டையிலிருந்து கொஞ்சம் குறுணல் வைச்சனான்."

"ஏன் மாமி சொல்லேல்லை?"

"எதாலை வந்து சொல்ல? வழியை அடைச்சது ஆர், நானோ?"

திரும்பி வரும்போது எல்லாம் ஒவ்வொன்றாகத் தன் இடத்தில் போய் விழுந்தது. என் பெட்டிகள் தகரத்துக்குக் கீழே, வெயிலைப் பார்த்துக்கொண்டு, பளிச்சென்று. முட்டையிடப் போகிற பேடு தேடுவது இருட்டையும் மறைப்பையும். அவை பொட்டால் புகுந்து, மாமியின் கிணற்றடியால், மதில் உடைவுக்குப் போயின. பொட்டு அடைபட்டதும் வேறு வழியின்றி என் சூடான பெட்டிக்குள் இட்டன. அதை நான் சாட்சி என்று சுளகில் அடுக்கினேன். வெள்ளிக்கிழமைகளில் மத்தியானம் வரை பொட்டில் தகரம். கோழி முட்டையிடுவது காலையில். ஐந்து வெள்ளிக்கிழமையும் அந்தத் தகரத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு மாமியின் விரதத்தைப் பற்றி யோசித்தேன். கோழி அடைகாப்பது இருபத்தொரு நாள் என்று பரீட்சையில் எழுதியவள் நான். கறுத்தப் பேடு சிலிர்த்துக்கொண்டு திரிந்ததைக் கண்டவள். நாளை எண்ணியிருந்தாலே போதும். நான் கறி வாசத்தை மோந்துகொண்டிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியின் மகள் வந்திருந்தாராம். பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும்.

அன்று நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நாலு குஞ்சை ஒரு கடகத்தில் வைத்து மாமியிடம் நீட்டினேன். எங்களூரில் ஒருவருடைய கோழியை இன்னொருவர் பார்த்துப் பொரிக்கவைத்தால் குஞ்சில் பாதி அவருக்கு. மாமி கடகத்தை வாங்கவில்லை.

"எனக்குக் குஞ்சும் வேண்டாம், முட்டையும் வேண்டாம். கொம்மா காலை இழுத்துக்கொண்டு சந்திக்குப் போறதைப் படலைக்குள்ளை நிண்டு பாத்துப் பாத்து எனக்குச் சோறு இறங்கேல்லை. அந்தக் கிடுகு மிச்சத்தையும் எடுத்து எறி."

எடுத்து எறிந்தேன். பின்னேரம் தோட்டத்தால் வந்த அப்பா, திறந்த வேலியை ஒரு கணம் பார்த்தார். "பிளேன் வந்திட்டுது போலை" என்று சொல்லித் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. விடியப்புறம் அம்மா ஒரு வாளி எடுத்து வந்துவிட்டார். பிறகு அந்தப் பக்கம் சாணித் தண்ணி தெளிக்கும் சத்தம் கேட்டது. பொட்டுக்குக் குறுக்கே தகரம் வந்து நின்றது. அது வழமைதான். நான் என் பெட்டிகளைக் கழற்றிக் கூட்டின் இருட்டு மூலையில் நிலத்தோடு வைத்து, முன்னால் சாக்குத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் என் கண் தகரத்தில் இருந்தது.

பன்னிரண்டு மணி. மாமியின் பூசை மணி கேட்டது. பன்னிரண்டரை. மாமி சாப்பிட்டுக் கோப்பை கழுவும் சத்தம் கேட்டது. தகரம் அப்படியே நின்றது. ஒரு மணி. அம்மா வெறும் வாளியோடு வந்து, தகரத்தைப் பார்த்துவிட்டு, வேலியோரம் இருந்த கல்லில் உட்கார்ந்தார். அதைத் தள்ளிவிட்டுப் போக எத்தனை நேரம் செல்லும்? அது ஒரு வெறும் தகரம். ஆனால் அம்மா தொடவில்லை. வீங்கின காலை நீட்டிக்கொண்டு இருந்தார். அவர் என்னைப் பார்க்கவுமில்லை.

ஒன்றேகாலுக்கு நான் கையைக் கழுவிக்கொண்டு ஒழுங்கையால் சுற்றிப் போனேன். மாமியின் படலையால் நான் போனது அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும். விறாந்தையில் இருந்து மாமி வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

"என்ன, பெரிய படிப்புக்காரி படலையாலை வாறா?"

நான் நின்றேன். வழியில் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து வந்திருந்தேன். மூன்றும் மறந்துபோயின.

"மாமி, நீங்கள் எடுத்தனியள் எண்டு நினைச்சிட்டன். முட்டையையும், கோழியையும். நான் நினைச்சது பிழை. சொன்னதும் பிழை."

மாமி வெற்றிலையைத் துடைத்து, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் வைத்தார். நான் அங்கேயே நின்றேன். அவர் அவசரப்படவில்லை.

"அட, தகரத்தை எடுக்க மறந்துபோனன்" என்றார் பிறகு. எழுந்து கிணற்றடிக்குப் போனார். தகரம் கல்லில் உரசும் சத்தம் கேட்டது. அம்மாவின் குரலும், வாளிக் கைப்பிடி விழும் சத்தமும், பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைப்பதும் கேட்டது.

மறந்துபோனாரா, இல்லை நான் வருவேன் என்று அதைச் சாத்தியபடியே விட்டுவிட்டு வெற்றிலையோடு காத்திருந்தாரா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம். இத்தனை வருடத்தில் அவர் எந்த வெள்ளிக்கிழமையும் மறந்ததில்லை. ஆனால் இந்தமுறை நான் சாட்சி தேடவில்லை.